சிவப்புப் பலகை வீட்டுக்காரர்கள் – ரோட்ஷில்ட் என்ற குடும்பப் பெயரின் கதை

ஆங்கிலம் வழியாக இந்தப் பெயரைப் படித்தவர்கள் எல்லோரும் "ராத்ஸ்-சைல்ட்" என்றுதான் சொல்வார்கள். ஏதோ ஒரு "சைல்ட்", அதாவது குழந்தை, பெயருக்குள் உட்கார்ந்திருப்பது போல. தமிழ்ப் பத்திரிகைகளிலும் ரோத்சைல்ட், ராத்சைல்டு, ரோத்ஸ்சைல்ட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெயரை வெட்ட வேண்டிய இடமே வேறு. "ரோட்" தனி, "ஷில்ட்" தனி. ரோட் என்றால் ஜெர்மன் மொழியில் சிவப்பு. ஷில்ட் என்றால் கேடயம். அதே சொல்லுக்குப் பலகை, பெயர்ப்பலகை என்றும் பொருள் உண்டு. ஆக, ரோட்ஷில்ட் என்றால் சிவப்புக் கேடயம், அல்லது சிவப்புப் பலகை. குழந்தை எங்கும் இல்லை!

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. சிவப்பு என்ற சொல்லைப் பழைய ஜெர்மன் எழுத்துமுறையில் கடைசியில் ஒரு "எச்" சேர்த்து எழுதினார்கள். உச்சரிப்பில் அதற்கு வேலை கிடையாது. 1901ல் நடந்த எழுத்துச் சீர்திருத்த மாநாட்டில், ஜெர்மன் சொற்களில் "டி"க்குப் பின்னால் சும்மா நின்ற அந்த "எச்"சை எடுத்துவிட்டார்கள். ஆனால் குடும்பப் பெயர்களில் யாரும் கை வைக்கவில்லை. அதனால் அகராதியில் போன எழுத்து பெயரில் தங்கிவிட்டது. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது "த்" ஆகி, அடுத்து வந்த "எஸ்" அதோடு ஒட்டிக்கொண்டு, மிச்சம் "சைல்ட்" ஆகிவிட்டது.

சரி, யாருடைய சிவப்புப் பலகை அது?

அதைத் தெரிந்துகொள்ள ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் ஒரு தெருவுக்குப் போக வேண்டும். பெயர் யூடன்காஸ்ஸ, அதாவது யூதர் தெரு. நகரத்தில் அங்கங்கே குடியிருந்த யூதர்களை எல்லாம் 1460களில் நகர மன்றம் கட்டாயமாக இந்தத் தெருவுக்கு அனுப்பியது. நகர மதிலை ஒட்டி, வில் போல வளைந்த தெரு. நீளம் சுமார் 330 மீட்டர். அகலம் பல இடங்களில் மூன்று நான்கு மீட்டர்தான். போக வர மூன்று வாசல்கள். இரவிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், கிறிஸ்தவப் பண்டிகை நாட்களிலும் அந்த வாசல்களைப் பூட்டிவிடுவார்கள்.

ஆரம்பத்தில் 15 வீடுகள் அளவில்தான் இருந்தது. ஆட்கள் பெருகினார்கள், தெருவை நீட்ட அனுமதி இல்லை. என்ன செய்வார்கள்? இருக்கும் வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்ததை மறுபடியும் பிரித்தார்கள். பின்கட்டில் இன்னொரு வரிசை கட்டினார்கள். மாடி மேல் மாடி ஏற்றினார்கள். 18ம் நூற்றாண்டில் அந்தச் சந்தில் ஏறக்குறைய 200 வீடுகள், 3000 பேர்! இதே நகரத்தில் 1749ல் பிறந்த கவிஞர் கதே, சின்ன வயதில் அந்தத் தெருவின் நெரிசலும் அழுக்கும் தன்னை எப்படி மிரட்டின என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

1616ல் வந்த சட்டம் இன்னும் கொடுமை. தெருவில் 500 குடும்பங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. வருடத்துக்கு 12 கல்யாணங்கள்தான் நடக்கலாம். கல்யாணத்துக்கே கோட்டா! இந்தச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1614ல், ஃபெட்மில்ஷ் என்ற கேக் வியாபாரியின் தலைமையில் ஒரு கும்பல் தெருவுக்குள் புகுந்து கொள்ளையடித்து, யூதர்கள் அத்தனை பேரையும் ஊரை விட்டே துரத்தியது. பேரரசர் தலையிட்டார். ஃபெட்மில்ஷுக்கு மரண தண்டனை கிடைத்தது. யூதர்கள் திரும்பி வந்தார்கள். வந்தது மறுபடியும் அதே பூட்டுப் போட்ட தெருவுக்குத்தான்.

இந்தத் தெருவில் வீட்டுக்கு எண்கள் இல்லாத காலத்தில் பெயர்கள் இருந்தன. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் அன்று இதுதான் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளம் கண்டுகொள்ள வாசலில் ஒரு படம் அல்லது பலகை மாட்டியிருப்பார்கள். கப்பல் வீடு, தீக்கோழி வீடு, வாணலி வீடு, கறுப்புக் கேடய வீடு, பச்சைக் கேடய வீடு. 1560களில் ஐசக் என்பவருக்கு அந்தத் தெருவில் ஒரு வீடு இருந்தது. தகப்பனார் பெயர் எல்ஹனான். வீட்டின் பெயர் "சிவப்புக் கேடய வீடு". இந்தக் குடும்பத்தின் மூதாதையர்களில் ஆவணங்களில் தெளிவாகப் பிடிபடும் முதல் ஆள் இவர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து யூதர்களுக்குக் குடும்பப் பெயர் என்று நிரந்தரமான ஒன்று பொதுவாகக் கிடையாது. தன் பெயர், பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். நம்மூர் இனிஷியல் போலவே என்று வைத்துக்கொள்ளுங்கள், வரிசை மட்டும் மாறியிருக்கும். அதே பெயரில் தெருவில் நாலு பேர் இருந்தால், எந்த வீட்டுக்காரர் என்று சேர்த்துச் சொல்வார்கள். அது பட்டப்பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வீடு மாறினால் பெயரும் மாறலாம். பிராங்பர்ட்டின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவரின் பெயரோடு வீட்டின் சின்னத்தையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். செத்த பிறகும் வீட்டு அடையாளம் கூடவே போயிருக்கிறது.

ஐசக்கின் வாரிசுகள் 17ம் நூற்றாண்டில் சிவப்புக் கேடய வீட்டை விட்டுவிட்டு அதே தெருவில் வேறொரு வீட்டுக்குக் குடிபோனார்கள். அந்த வீட்டின் பெயர் "ஹின்டர்ஃபன்". பின் வாணலி என்று அர்த்தம். வாணலி வீட்டுக்குப் பின்கட்டில் இருந்ததால் அந்தப் பெயர். நியாயமாகப் பார்த்தால் குடும்பத்தின் பெயரும் மாறியிருக்க வேண்டும். ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பமாக இருந்தவர்களை இன்று "பின் வாணலி குடும்பம்" என்று சொல்லிக்கொண்டிருப்போம்! ஆனால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. 1711ல் தெரு முழுக்கத் தீப்பற்றி எரிந்து, எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். அப்போதும் பெயர் போகவில்லை.

அதே தெருவிலிருந்து கிளம்பிய மற்ற பெயர்களையும் பாருங்கள். கப்பல் வீட்டுக்காரர்கள் "ஷிஃப்" ஆனார்கள். பின்னால் நியூயார்க்கில் பெரிய வங்கியாளராக இருந்த ஜேக்கப் ஷிஃப் அந்த வம்சம். கறுப்புக் கேடயம் "ஷ்வார்ஸ்ஷில்ட்" ஆனது. இயற்பியல் படித்தவர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆமாம், கருந்துளைக்கு "ஷ்வார்ஸ்ஷில்ட் ஆரம்" என்று படிக்கிறோமே, அந்த கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட் 1873ல் பிராங்பர்ட்டில் பிறந்தவர்தான். முதல் உலகப் போரில் ரஷ்ய முனையில் ராணுவ வேலையில் இருந்துகொண்டே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டுபிடித்து, 1916ல் நோயில் இறந்துபோனார். கருந்துளையின் எல்லைக்கு "கறுப்புப் பலகை" என்று பெயருள்ளவர் பெயரே அமைந்தது தற்செயல்தான். அவர் பெயரையும் ஆங்கிலத்தில் "சைல்ட்" என்றுதான் கொலை செய்கிறார்கள்.

இனி நம் கதாநாயகர். மாயர் ஆம்ஷெல், 1744ல் அந்தப் பின் வாணலி வீட்டில் பிறந்தார். மாயர் அவர் பெயர், ஆம்ஷெல் அவர் அப்பா பெயர். அப்பா நாணயம் மாற்றித் தருவதும் சில்லறை வியாபாரமும் செய்தவர். அன்று ஜெர்மனி ஒரே நாடு கிடையாது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அரசுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயம். சந்தைகளுக்குப் பேர்போன பிராங்பர்ட்டில் எது எவ்வளவு பெறும் என்று தெரிந்தவனுக்கு எப்போதும் வேலை உண்டு. 1755ல் அப்பாவும் அடுத்த வருடமே அம்மாவும் இறந்துபோனார்கள். பையனுக்கு அப்போது 12 வயது. மதக் கல்விக்காக ஃப்யூர்ட் நகரத்துக்குப் போயிருந்தவர், பிறகு ஹனோவரில் ஓபன்ஹைமர் என்ற வங்கிக் குடும்பத்திடம் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

அவர் பிடித்த தொழில், பழங்கால நாணயங்கள். பெரிய மனிதர்களுக்கு நாணயம் சேகரிக்கும் பொழுதுபோக்கு இருந்தது. மாயர் தன்னிடம் உள்ள நாணயங்களுக்கு அச்சடித்த விலைப்பட்டியல் தயாரித்து, வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். இப்போதைய பாஷையில் சொன்னால் மெயில் ஆர்டர் வியாபாரம்! அப்படிப் பிடித்த வாடிக்கையாளர்களில் ஒருவர் ஹெஸ்ஸ-ஹானாவ் இளவரசர் வில்லியம். 1769ல் அவரிடமிருந்து "அரண்மனை முகவர்" என்ற பட்டத்தை மாயர் கேட்டு வாங்கினார். சம்பளம் எதுவும் இல்லை. வாசலில் மாட்டிக்கொள்ள ஒரு மரியாதை. சிவப்புப் பலகை இருந்த குடும்பத்துக்கு இது இரண்டாவது பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருடம் குட்லே ஷ்னாப்பர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். 19 பிள்ளைகள் பிறந்தன, பிழைத்தவை பத்து. ஐந்து ஆண், ஐந்து பெண். 1780களில் இன்னும் கொஞ்சம் நல்ல வீடு வாங்கிக் குடிபோனார்கள். அந்த வீட்டின் பெயர்தான் வேடிக்கை: "பச்சைக் கேடய வீடு". ஆக, சிவப்புக் கேடயம் என்ற பெயர் கொண்ட குடும்பம், வாணலி வீட்டில் நூறு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, பச்சைக் கேடய வீட்டில் போய்ப் பணக்காரர் ஆனது.

இணையத்தில் உலாவும் ஒரு கதையை இங்கேயே முடித்துவிடலாம். "மாயர் பாவர் என்பவர் தன் கடை வாசலில் ஒரு சிவப்புக் கேடயத்தை மாட்டினார், அது ரகசிய அடையாளம், பிறகு தன் பெயரையே ரோட்ஷில்ட் என்று மாற்றிக்கொண்டார்" என்று அந்தக் கதை ஆரம்பிக்கும். ஆரம்பமே கோளாறு. சிவப்புக் கேடய வீட்டின் பெயர் மாயர் பிறப்பதற்கு ஏறக்குறைய 180 வருடம் முன்பே இருக்கிறது. அவர் பிறந்த வீட்டிலும் சரி, வாங்கிய வீட்டிலும் சரி, சிவப்புப் பலகை கிடையாது. மாட்டாத பலகையை மாட்டியதாகச் சொல்லித்தான் அந்தக் கதையே நிற்கிறது.

மாயரின் காலத்தில்தான் வேறொரு பெரிய மாற்றமும் நடந்தது. அரசாங்கங்களுக்கு வரி வசூலிக்கவும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும், ஒவ்வொருவனுக்கும் மாறாத பெயர் தேவைப்பட்டது. யூதர்கள் எல்லோரும் நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1787ல் ஆஸ்திரியாவில் இரண்டாம் ஜோசப் சட்டம் போட்டார். 1808ல் நெப்போலியனும் அதையே சொன்னார். 1812ல் பிரஷ்யாவில் யூதர்களுக்குக் குடியுரிமை தந்த சட்டம், அதற்கு நிபந்தனையாகவே குடும்பப் பெயரைக் கேட்டது. நேற்று வரை இல்லாத பெயரை ஒரே நாளில் தேர்ந்தெடுக்கும் நிலைமை லட்சக்கணக்கானவர்களுக்கு. சிலர் ஊர்ப் பெயரை எடுத்தார்கள், சிலர் தொழிலை, சிலர் பூ, மரம், பொன், வெள்ளி என்று எதையாவது. பிராங்பர்ட் தெருக்காரர்கள் பலருக்கு இந்தச் சிரமம் இல்லை. வீடு ஏற்கனவே பெயர் கொடுத்திருந்தது. ஆனால் ரோட்ஷில்ட் என்று பெயருள்ள எல்லோரும் அந்த வங்கிக் குடும்பத்தின் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டின் பெயர், அதில் குடியிருந்தவர்கள் எல்லோருக்கும் பொது.

1810ல் மாயர் தன் பிள்ளைகளோடு கூட்டு ஒப்பந்தம் எழுதி, கம்பெனிக்கு "மா. ஆ. ரோட்ஷில்ட் அண்ட் சன்ஸ்" என்று பெயர் வைத்தார். வீட்டு அடையாளமாக இருந்தது அன்றிலிருந்து கடைப்பெயர் ஆனது. அந்த இனிஷியல்களைக் கவனியுங்கள். "மா" அவர், "ஆ" அவர் அப்பா. லண்டனில் மூன்றாவது மகன் தொடங்கிய "என். எம். ரோட்ஷில்ட்" இன்னும் பிரபலம். "என்" நாதன். "எம்" மாயர், அதாவது அப்பா பெயர். 20ம் நூற்றாண்டின் கடைசி வரை லண்டன் நகரத்தில் எல்லோரும் மந்திரம் போல உச்சரித்த அந்த இரண்டெழுத்து, பூட்டுப் போட்ட தெருவின் பழைய பெயர்முறைதான்.

1812ல் மாயர் இறந்தார். அவர் எழுதி வைத்த உயில் காமர்ஸ் படிப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. தொழில் முழுக்க ஐந்து மகன்களுக்கு மட்டுமே. மகள்களுக்கும் மருமகன்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் கம்பெனியில் பங்கு கிடையாது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமைகூட இல்லை. ஐந்து மகள்களின் வியர்வையும் அந்த வீட்டில்தான் சிந்தியிருக்கும். ஆனால் பெயர் யாரிடம் தங்குகிறதோ அவர்களிடம்தான் பணம். இதன் விளைவு அடுத்த தலைமுறையில் தெரிந்தது. 1824ல் கடைசி மகன் ஜேம்ஸ் தன் அண்ணன் மகள் பெட்டியையே மணந்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்குக் குடும்பத்தின் கல்யாணங்களில் பெரும்பாலானவை பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்குள்ளேயே நடந்தன. ரோட்ஷில்ட் பெண் ரோட்ஷில்ட் பையனையே கட்டிக்கொண்டால் பெயரும் போகாது, பங்கும் போகாது. அந்தப் பெண்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

ஐந்து மகன்கள், ஐந்து நகரங்கள். ஆம்ஷெல் பிராங்பர்ட்டில், சாலமன் வியன்னாவில், நாதன் லண்டனில், கார்ல் நேபிள்ஸில், ஜேம்ஸ் பாரிஸில். 1814ல் வெலிங்டனின் படைக்குச் சம்பளம் தர ஐரோப்பா முழுக்கத் தங்க நாணயம் திரட்டும் வேலையைப் பிரிட்டிஷ் அரசு நாதனிடம் ரகசியமாகக் கொடுத்தது. 1818ல் பிரஷ்யாவுக்கு 50 லட்சம் பவுண்டு கடன் ஏற்பாடு செய்தார். ஜெர்மன் அரசு ஒன்று பவுண்டில் கடன் வாங்கி, வட்டியை லண்டனில் கட்டியது. பங்குதாரன் தன் ஊரில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கலாம் என்ற சர்வதேசக் கடன் பத்திரச் சந்தைக்கு இதுதான் பெரிய முன்மாதிரி.

பணம் வந்ததும் பெயருக்கு முன்னொட்டு வந்தது. ஆஸ்திரியப் பேரரசர் 1816ல் நான்கு சகோதரர்களுக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். நாதன் அந்தப் பட்டியலில் இல்லை. குடும்பச் சின்னம் வேண்டும் என்று சிங்கம், கழுகு, சிறுத்தை, கிரீடம் எல்லாம் வைத்து ஒரு பெரிய படம் போட்டுக் கொடுத்தார்கள். வியன்னா அதிகாரிகள் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கொஞ்சூண்டுதான் மிச்சம் வைத்தார்கள். 1822ல் ஐந்து பேருக்கும் பேரன் பட்டம் கிடைத்தபோது, ஐந்து அம்புகளைப் பிடித்த கை, சிங்கம், கழுகு எல்லாம் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் சின்னதாக ஒரு சிவப்புக் கேடயம். ஜெர்மனியில் "ஃபான் ரோட்ஷில்ட்", பிரான்சில் "டி ரோட்ஷில்ட்" ஆனார்கள். லண்டன் கிளையும் பின்னால் அந்த "டி"யையே எடுத்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் அம்மா குட்லே மட்டும் யூதர் தெருவை விட்டு வரவே இல்லை. பிள்ளைகள் மாளிகைகளில் இருந்தார்கள். அவர் பச்சைக் கேடய வீட்டிலேயே இருந்து 1849ல் தன் 95வது வயதில் கண்ணை மூடினார்.

பெயர் பெரிதாகப் பெரிதாக, பெயரைச் சுற்றிக் கதைகளும் பெரிதாயின. 1846ல் வட பிரான்சில் ஃபம்பூ என்ற இடத்தில் ஒரு ரயில் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். புதிதாகத் திறந்த அந்த ரயில் பாதை ஜேம்ஸ் ரோட்ஷில்டின் கம்பெனிக்குச் சொந்தமானது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் ஜார்ஜ் டேர்ன்வால் என்பவர் "சாத்தான்" என்ற புனைபெயரில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். நாதன் வாட்டர்லூ போரை நேரில் பார்த்துவிட்டு, புயலில் கடலைக் கடந்து லண்டனுக்கு ஓடி, மற்றவர்களுக்குச் செய்தி தெரியும் முன் பங்குச் சந்தையில் கோடிகளை அள்ளினார் என்ற கதையைப் பரப்பியது அதுதான். போர் நடந்தது 1815ல். கதை ஓடத் தொடங்கியது 31 வருடம் கழித்து, நாதன் இறந்தே பத்து வருடம் ஆன பிறகு!

1815 ஜூனில் நாதன் லண்டனில்தான் இருந்தார். செய்தி அவருக்குக் கொஞ்சம் முன்பே வந்தது என்பது உண்மை. ஆனால் அவருடைய நிலைமை என்ன? எல்பா தீவிலிருந்து நெப்போலியன் திரும்பியதும், இன்னொரு நீண்ட போர் வரும் என்று கணக்குப் போட்டு, சகோதரர்கள் தங்கத்தை வாங்கிக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரே நாளில் போர் முடிந்ததும் அந்தத் தங்கத்துக்குத் தேவை போய்விட்டது. வாட்டர்லூ அவர்களைத் தூக்கிவிடவில்லை, ஏறக்குறைய கவிழ்க்கப் பார்த்தது என்கிறார் இந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதிய நியல் ஃபெர்குசன். கையில் சரக்கு தேங்கிய எந்த வியாபாரிக்கும் இது புரியும்.

ஆனால் பொய்க்கு ஆயுள் கெட்டி. 1940ல் நாஜிகள் அதே வாட்டர்லூ கதையை "டீ ரோட்ஷில்ட்ஸ்" என்று திரைப்படமாக எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் "உலகத்தின் எல்லா மத்திய வங்கிகளும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம்" என்று இன்றும் வரும் தகவலில் பாதி, அந்தத் துண்டுப் பிரசுரத்தின் பேரப்பிள்ளைதான். 19ம் நூற்றாண்டில் அந்தக் குடும்பம் உலகத்தின் மிகப் பெரிய வங்கியை வைத்திருந்தது, அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்தது, 1875ல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்கப் பிரிட்டனுக்கு 40 லட்சம் பவுண்டு தந்தது எல்லாம் உண்மை. அதைச் சொல்லி விமரிசிக்கலாம். ஆனால் நேபிள்ஸ் கிளை 1863லும் பிராங்பர்ட் கிளை 1901லும் மூடப்பட்டன, இன்றைய பெரிய வங்கிகளின் பக்கத்தில் வைத்தால் இவர்கள் சிறியவர்கள் என்பதை அந்தத் தகவல்கள் சொல்வதில்லை. சொன்னால் கதை ஓடாதே.

பெயர் பிறந்த பிராங்பர்ட்டிலேயே அது அற்றுப்போனது. 1901ல் வில்ஹெல்ம் கார்ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவர் மருமகன் மாக்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு "கோல்ட்ஷ்மிட்-ரோட்ஷில்ட்" ஆனார். மருமகனுக்குப் பங்கில்லை என்று உயில் எழுதிய மாயர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஊரில் குடும்பத்தின் பெயரை அதிகம் நிலைநிறுத்தியதும் ஒரு பெண்தான். ஹன்னா லூயிஸ் என்பவர் 1887ல் தன் தந்தையின் நினைவாக எல்லோருக்கும் திறந்த ஒரு பொது நூலகத்தைத் தொடங்கினார். 1890ல் அவர் தொடங்கிய கரோலினும் மருத்துவமனை, பல் மருத்துவ நிலையமாக இன்றும் பிராங்பர்ட் பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது.

நாஜிகள் வந்ததும் அந்த நூலகத்திலிருந்து ரோட்ஷில்ட் என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். புத்தகங்கள் வேண்டும், பெயர் வேண்டாம்! 1938 ஆகஸ்டில் வந்த ஆணை இன்னும் ஒரு படி மேலே போனது. யூதப் பெயர் என்று அவர்கள் பட்டியலில் இல்லாத பெயர் வைத்திருக்கும் ஒவ்வொரு யூத ஆணும் "இஸ்ரேல்" என்றும், பெண் "சாரா" என்றும் கூடுதல் பெயர் சேர்க்க வேண்டும். 1812ல் குடியுரிமை தரப் பெயர் கேட்ட அதே நாடு, 126 வருடம் கழித்து உரிமையைப் பறிக்கப் பெயர் கொடுத்தது. வியன்னாவில் லூயி ரோட்ஷில்டை 1938 மார்ச்சில் கைது செய்து, ஒரு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்து, சொத்துகளை எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அங்கிருந்த ரோட்ஷில்ட் மாளிகை ஒன்றில்தான் ஐக்மன் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற்றும் அலுவலகத்தை நடத்தினார். பிரான்சில் ஃபிலிப் டி ரோட்ஷில்டின் மனைவி எலிசபெத், பிறப்பால் கத்தோலிக்கர். அந்தப் பெயர் கல்யாணத்தால் வந்தது. 1945ல் ராவன்ஸ்ப்ருக் வதைமுகாமில் அவர் இறந்தார்.

பச்சைக் கேடய வீடு 1944ல் குண்டுவீச்சில் அழிந்தது. யூதர் தெருவின் மற்ற வீடுகளை 19ம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள். 1885ல் தெருவுக்கு, அங்கேயே பிறந்த எழுத்தாளர் லுட்விக் பெர்ன பெயரை வைத்தார்கள். நாஜிகள் அதையும் மாற்றினார்கள். 1987ல் நகராட்சிக் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழைய வீடுகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. பெரிய போராட்டத்துக்குப் பிறகு, ஐந்து வீடுகளின் அடித்தளங்களை மட்டும் காப்பாற்றி 1992ல் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

பெயரின் கதை அதோடு முடியவில்லை. பிரான்சில் மித்தரான் அரசு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது ரோட்ஷில்ட் வங்கியும் போனது. டேவிட் டி ரோட்ஷில்ட் சின்னதாகப் புதிய நிறுவனம் தொடங்கினார். ஆனால் அதற்குத் தன் சொந்தப் பெயரை வைக்க அவருக்கு அனுமதி இல்லை! வேறு பெயரில் நடத்தி, 1986ல்தான் ரோட்ஷில்ட் என்ற பெயரைத் திரும்பப் பெற்றார்.

அடுத்த சண்டை குடும்பத்துக்குள்ளேயே வந்தது. பாரிஸில் டேவிட் நடத்திய ரோட்ஷில்ட் அண்ட் கோ ஒரு பக்கம். ஜெனிவாவில் இன்னொரு கிளை நடத்தும் எட்மண்ட் டி ரோட்ஷில்ட் குழுமம் மறுபக்கம். வெறும் "ரோட்ஷில்ட்" என்று யார் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்று 2015ல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. வாடிக்கையாளர் எந்த வாசலில் நுழைகிறோம் என்று குழம்பினால் அது பண நஷ்டம் அல்லவா? 2018ல் சமாதானம் ஆனார்கள். ஒருவர் கம்பெனியில் மற்றவர் வைத்திருந்த பங்குகளைப் பிரித்துக்கொண்டார்கள். பெயர் விஷயத்தில் எடுத்த முடிவு, இரண்டு பேருமே "ரோட்ஷில்ட்" என்று தனியாகப் பயன்படுத்தக் கூடாது. முன்னாலோ பின்னாலோ எந்த ரோட்ஷில்ட் என்று சேர்த்தே எழுத வேண்டும்.